ஒற்றை மூங்கிலுக்கு இரண்டு பக்கமும் ஓடியவர்

அயிலா புயல் மரங்களையெல்லாம் சாய்த்துப்போட்ட வருஷம் இது. கொல்கத்தா பெஹாலாவில் எங்கள் தெருமுனையில் விழுந்து கிடந்த மரத்தைக் கார்ப்பரேஷன் ஆட்கள் அறுத்துக்கொண்டிருந்தபோதுதான் போன் வந்தது. மருமகள் எடுத்தாள். ரம்பச் சத்தத்தில் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. அவள் என் காதருகே வந்து, "மாமா, செல்வராஜ் மாமா இறந்துட்டாங்களாம்" என்றாள். எந்தச் செல்வராஜ் என்று கேட்டேன். எனக்குத் தெரிந்ததே ஒரு செல்வராஜ்தான்.

முந்தின வாரம்தான் கிடர்பூரிலிருந்து சைக்கிள் மிதித்து வந்து, என் வீட்டு ஓட்டின் மேல் கிடந்த கிளையை வெட்டிப் போட்டுவிட்டுப் போனார். எனக்கு மூச்சு வாங்கியது, அவருக்கு வாங்கவில்லை. அப்படிப்பட்ட ஆள் காலையில் குளித்துவிட்டு வந்து பனியனைத் தலைவழியே போட்டாராம். ஒரு கை வெளியே வந்தது, மற்றது வரவில்லை. அவர் மனைவி புஷ்பம் திரும்பிப் பார்ப்பதற்குள் தரையில் கிடந்தாராம். இதை எத்தனை பேர் என்னிடம் சொல்லிவிட்டார்கள். இன்னும் என் புத்தியில் ஏறவில்லை.

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நம் தமிழ்ச் சங்கத்து மலருக்காக நான் சொல்லச் சொல்ல மருமகள் எழுதுகிறாள். சொல்ல வேண்டும் என்று தோன்றியது இரங்கல் கூட்டத்தில்தான். துறைமுக ஆபீஸில் புதிதாகச் சேர்ந்த ஒரு பையன் நல்ல மனசோடுதான் வாசித்தான்: கிரேன் ஓட்டுநர், நல்ல நண்பர், மாரத்தானில் கலந்துகொண்டவர் என்று. கூட்டம் தலையாட்டியது. எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. கலந்துகொண்டது ஆயிரம் பேர். செல்வராஜ் ஓடி முடித்தவர். அந்தப் பையனைக் குறை சொல்லவில்லை. மெடல் இல்லை, சர்டிபிகேட் இல்லை, அவன் எதைப் பார்த்துச் சொல்வான்?

கல்கத்தாவைக் கொல்கத்தா என்று மாற்றிய சமயம் அது. கிடர்பூர் துறைமுகத்தில் நான் சரக்கை இழுத்துத் தூக்கும் வின்ச் ஓட்டிக்கொண்டிருந்தேன். செல்வராஜுக்கு அதற்கு முன்பு நுரையீரலில் சீக்கு வந்து, ஆறு மாதம் படுத்து எழுந்திருந்தார். எழுந்து வந்தவரை கிரேனில் ஏற்றவில்லை. கேட்டில் ஸ்டூல் போட்டு உட்காரவைத்து, வருகிற லாரியை எண்ணச் சொன்னார்கள். மேலே அந்தக் கூண்டில் உட்கார்ந்து கப்பலுக்குள் கை விட்டவருக்கு ஸ்டூல் எப்படி இருந்திருக்கும்? சாப்பாட்டு நேரத்தில்கூட கிரேன் பக்கம் முகத்தைத் திருப்ப மாட்டார்.

பொறுக்காமல் ஒரு நாள் அதிகாரி முன்னால் போய் நின்றார். அதிகாரி நல்லவர், ஆனால் கேலிக்காரர். மைதானத்தில் மாரத்தான் நடக்கப்போகிறது, நாற்பத்திரண்டு கிலோமீட்டர், அதை ஓடி முடித்துவிட்டு வா, மறுநாளே ஏறு என்று சிரித்துக்கொண்டு சொன்னார். செல்வராஜ் சிரிக்கவில்லை. மழைக்காலம் முழுக்க ஓடினார். குளிர்காலம் வந்தபோது ரேஸ்கோர்ஸை எத்தனை சுற்று சுற்றினாலும் இருமல் வராத ஆளாக இருந்தார்.

கடைசி மூன்று வாரத்தில்தான் தொல்லை ஆரம்பித்தது. முதலில் ஷூவின் அடி வாயைப் பிளந்தது. புது ஷூ வாங்கினால் அது குதிகாலைக் கடித்தது. கொப்புளம் உடைந்து ரத்தத்தோடு நொண்டிக்கொண்டு வந்தவரிடம், போதும், இன்றைக்கு விடு என்றேன். "கால் எங்கிட்ட பேசுது அண்ணாச்சி. பேசட்டும். ஓடிக்கிட்டே கேட்டுக்கிடுதேன்" என்றார். பழைய ஷூவைத் தைக்கக் கொடுத்து, அதையே மாட்டிக்கொண்டார்.

பிறகு சளி. கரி அடுப்புப் புகையும் பனியும் கலந்து தெருவில் இறங்கும் நாட்கள். ராத்திரி இரண்டு தடவை இருமினார் என்று புஷ்பம் என்னிடம் வந்து அழுதாள், பழைய சீக்கு திரும்பிவிட்டதோ என்று. எங்கள் லாரி டிரைவர் நிமாய்தாவுக்கோ மருந்து ஒன்றுதான்: குரங்குக் குல்லா. கழுத்து, காது எல்லாம் மூடி, முகம் மட்டும் தெரியும் கம்பளிக் குல்லாவைக் கொண்டுவந்து செல்வராஜின் தலையில் அவரே மாட்டிவிட்டார். அதோடு ஓடினால் நாய் துரத்துகிறது என்று செல்வராஜ் சொன்னார். அப்படியானால் இன்னும் வேகமாக ஓடலாமே என்றார் நிமாய்தா. நாலு நாளில் சளி போயிற்று.

புஷ்பத்துக்கு மட்டும் மனசு ஆறவில்லை. "அத்தன பேரு கண்ணும் இவுக மேலதான் அண்ணாச்சி" என்றாள். அமாவாசைச் சாயங்காலம் வெள்ளைப் பூசணியை ஓட்டை போட்டு, மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்த சிவப்புத் தண்ணீரை உள்ளே ஊற்றி, அவர் தலையைச் சுற்றித் தெருமுனையில் போட்டு உடைத்தாள். உடைத்தவர்கள் திரும்பிப் பார்க்கக் கூடாது இல்லையா? அவள் பார்க்கவில்லை. கூடப் போன நானும் பார்க்கவில்லை. துண்டுகள் எங்கே போய் விழுந்தன என்று யாருக்கும் தெரியாது.

தெரிந்துகொண்டது மறுநாள் விடியலில் அவருடைய வலது கால்தான். பனியில் முன்னால் நிற்கும் ஆள் தெரியவில்லை. சறுக்கி விழுந்தவர் சிவப்புத் தண்ணீரிலேயே உட்கார்ந்திருக்கிறார். நாங்கள் பௌதி, அதாவது அண்ணி, என்று கூப்பிடும் எதிர்வீட்டு வங்காளி அம்மாள் ஜன்னலைத் திறந்தவள், கால் முழுக்கச் சிவப்பாக ஒரு ஆள் கிடப்பதைப் பார்த்து அலறிவிட்டாள். யாரோ வெட்டிப் போட்டுவிட்டார்கள் என்று பாடா, அதாவது அந்தத் தெருவே, ஓடி வந்தது. ஆஸ்பத்திரிக்குத் தூக்க நாலு பேர் குனிந்தபோது, அது பூசணிக்காய் என்று சொல்லவும் முடியாமல் அவர் சிரித்துக்கொண்டிருந்தார். நிமாய்தாவுக்கு ஒரு விஷயம்தான் விளங்கவில்லை. இரண்டு நாள் குழம்புக்கு ஆகிற காயை ரோட்டில் ஏன் உடைத்தீர்கள் என்று என்னையே கேட்டார்.

கணுக்கால் வீங்கிவிட்டது. பௌதி சுண்ணாம்பும் மஞ்சளும் குழைத்துச் சூடாகப் பற்றுப் போட்டாள். நம்மூரில் பூசணிக்குள் ஊற்றியதை இந்த ஊரில் காலில் பூசினார்கள். புஷ்பம் மூலையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டாள். அவர் அவளைப் பக்கத்தில் கூப்பிட்டார். "கண்ணெல்லாம் காலோட போச்சு புஷ்பம். இனிமே ஒண்ணும் வராது. காலுதான் லீவு போட்டிருக்கு, மூச்சு லீவு போடலையே" என்றார். அந்த வாரம் கட்டிலில் உட்கார்ந்தபடி கைகளை வீசி வீசி மூச்சைப் பழக்கிக்கொண்டிருந்தார். வீக்கம் வடிந்தது. ஆனால் முழுசாக வடியவில்லை.

பந்தயத்தன்று புஷ்பம் வரவில்லை, பார்க்கப் பயம் என்றாள். நானும் நிமாய்தாவும் முடிகிற இடத்தில் நின்றோம். ஓட்டக்காரர்கள் வந்தார்கள், கிழவர்கள் வந்தார்கள், கடைசியில் நடந்தவர்களும் வந்து முடித்தார்கள். இவரைக் காணோம். மெடல் கொடுத்த பெண்கள் பெட்டியை மூடிக்கொண்டு கிளம்பினார்கள். பந்தல்காரர்கள் மூங்கில் வாசலைப் பிரிக்க ஆரம்பித்தார்கள். துணியை உருவினார்கள், குறுக்குக் கழியை இறக்கினார்கள், ஒரு பக்கத்து மூங்கிலைப் பிடுங்கினார்கள். மற்ற மூங்கிலில் கை வைத்தபோது நிமாய்தா போய் அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். பீடி கொடுத்தார், வங்காளத்தில் கெஞ்சினார், திட்டவும் செய்தார். அவர்கள் பீடியைப் பற்றவைத்து உட்கார்ந்தார்கள்.

அப்புறம்தான் தூரத்தில் நொண்டி நொண்டி ஒரு உருவம் தெரிந்தது. நடக்கவில்லை, ஓடிக்கொண்டிருந்தது. வந்தவர் அந்த ஒற்றை மூங்கிலைப் பார்த்துத் திகைத்து நின்றார். வாசல் எது என்று அவருக்குத் தெரியவில்லை.

"இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா அண்ணாச்சி?"

அவர் வரும் திசையையே பார்த்து நின்றதில் எனக்கும் தெரியவில்லை. பந்தல்காரர்களுக்கு மறந்துவிட்டது. அவர் கொஞ்சம் யோசித்தார். பிறகு மூங்கிலின் இடது பக்கமாக ஓடிப் போனார். திரும்பி வந்து வலது பக்கமாகவும் ஓடினார். எதிர்காலத்தில் யாரும் எதுவும் சொல்லக் கூடாது பாருங்கள். அதன் பிறகுதான் புல்லில் உட்கார்ந்தார்.

மறுநாள் அதிகாரி முன்னால் மூன்று பேரும் நின்றோம். யார் பார்த்தது என்று கேட்டார். நானும் நிமாய்தாவும் பார்த்தோம் என்றோம். நிமாய்தா காளி பெயரில் சத்தியமே செய்தார். அதிகாரி எங்களையும் பார்த்தார், அந்தக் காலையும் பார்த்தார். டாக்டருக்குச் சீட்டு அனுப்பினார். நெஞ்சு சுத்தம் என்று டாக்டர் சொன்னார். கால் ஆறியதும் செல்வராஜ் ஏணியில் ஏறினார். கூண்டிலிருந்து கீழே பார்த்துக் கையசைக்கவில்லை. எங்களை மறந்தே போயிருந்தார். அதைவிட எனக்கு என்ன வேண்டும்?

எட்டு வருஷம் அந்தக் கூண்டில் இருந்தார். சாவதற்கு முந்தின நாளும் ஏறினார். ஷூவுக்கும் சளிக்கும் சுளுக்குக்கும் பதில் வைத்திருந்த மனுஷனுக்கு ஒரு பனியனுக்குள் கையை நீட்ட நேரம் கிடைக்கவில்லை என்பதை நான் யாரிடம் போய்க் கேட்பது?

அவர் நினைவாக என்னிடம் பொருள் எதுவும் இல்லை. அவர் ஓடி முடித்ததைக் கண்ணால் கண்டது மட்டும்தான் இருக்கிறது. பந்தல்காரர்கள் எந்த ஊரோ, யார் ஓடினார் என்றே அவர்களுக்குத் தெரியாது. நிமாய்தா போன குளிரில் போய்விட்டார். இப்போது ஓடியவரும் போய்விட்டார். ஆகவே இனி யாராவது கேட்டால், செல்வராஜ் முடித்தார், இரண்டு பக்கமும் முடித்தார் என்று சொல்வதற்கு மிச்சம் இருப்பது ஒரே ஆள், இந்த வின்ச் மாடசாமி.