நசீர் பாய்க்கு நான் சொன்ன நிறங்கள்

நசீர் பாய் இறந்துவிட்டார்.

காலையில் உட்லண்ட்ஸில் ரயிலுக்கு நிற்கும்போது அவர் மனைவி ரஹ்மத் அக்கா போன் செய்தார். "தேவிகா, அவரு மௌத்தாயிட்டாரும்மா. தூக்கத்துலயே..."

எங்கே ரயில் மாறினேன் என்றே நினைவில்லை. குவீன்ஸ்டவுனில் அவர்கள் வீட்டு வாசலில் குவிந்து கிடந்த செருப்புகளைப் பார்த்தபோதுதான் விஷயம் உறைத்தது.

இதைப் படிக்கும் பலருக்கு அவரைத் தெரியாது. வேதியியல் ஆராய்ச்சியாளர். அவருடைய லேபில் நான் பதினோரு வருடமாக லேப் ஆபீசர்.

அவர் வேலை சாயங்களோடு. போர்பிரின் என்று ஒரு வகை... இலையின் பச்சைக்கும் நம் ரத்தத்தின் சிவப்புக்கும் உறவுக்காரப் பொருள். அதை நடுவில் வைத்து, கிளைக்குமேல் கிளையாக மரம்போல ஒரு மூலக்கூறைக் கட்டுவார். டென்ட்ரிமர்.

வெளிச்சம் பட்டால் அதன் நடுவிலிருந்து ஓர் எலக்ட்ரான் துள்ளிப் பக்கத்தில் போய் உட்காரும். உடனே திரும்பியும் வந்துவிடும். "அத அங்கயே கொஞ்ச நேரம் உக்கார வச்சுட்டா போதும் லா, வெயில்லேருந்து கரண்ட் எடுத்துடலாம்" என்பார்.

அந்தக் கரைசலை ஜன்னலோரம் வைத்தால் கத்திரிக்காய்த் தோல் நிறம். யூவி விளக்கைக் காட்டினால் உள்ளிருந்து சிவப்பாக எரியும். வேலையை மறந்து பார்த்துக்கொண்டே நிற்பேன்.

அவர் கண்ணில் அந்தச் சிவப்புதான் முதலில் மங்கியது.

ஒரு மதியம், நீளமான கண்ணாடிக் குழாயில் சாயத்தை ஊற்றிப் பிரித்துக்கொண்டிருந்தார். ஊதாப் பட்டை முதலில் இறங்கும், பின்னாலேயே பழுப்புக் கழிவு. நிறம் மாறியதும் கீழே இருக்கும் குடுவையை மாற்ற வேண்டும். பழுப்பு சொட்டிக்கொண்டே இருந்தது... அவர் மாற்றவில்லை.

"பாய், கலர் மாறிடுச்சு!"

குடுவையைத் தூக்கி ரொம்ப நேரம் பார்த்தார். "மாறிடுச்சா?"

பிறகு மெல்லச் சொன்னார். "டாக்டர்கிட்ட காட்டியாச்சு. கொஞ்சம் கொஞ்சமா பார்வை போயிடுமாம். வீட்டுல தெரியாது. நீங்களும் யார்கிட்டயும் சொல்லாதீங்க."

சொல்லவில்லை. குழாய்க்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். "பீட்ரூட்... பீட்ரூட்... இப்ப பண்டோங் பாய், ரோஸ் சிரப் கம்மி, பால் ஜாஸ்தி..." அவர் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டே குடுவையை மாற்றுவார்.

வெளியே மழை பெய்துகொண்டிருக்கும். உள்ளே ஒவ்வொரு சொட்டாக நிறம் இறங்கும். எத்தனை மதியங்கள் அப்படிப் போயின...

அப்புறம் அந்த நாள். லேசர் அறையில் ஒவ்வோர் ஒளிக்கும் ஒரு நிறத்தில் பாதுகாப்புக் கண்ணாடி உண்டு; மாற்றிப் போட்டால் கண்ணே போய்விடும். அவர் போட்டிருந்தது வேறு லேசருக்கானது. கை சுவிட்சுக்குப் போய்விட்டது.

கத்தினேன். அவர் கையை எடுத்தார், கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தார், சிரித்தார்.

மறுநாள் பாதுகாப்பு அதிகாரியிடம் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

லேசர் அறைக்கும் ரசாயன மேசைக்கும் அவருக்கு அனுமதி ரத்தானது. அன்று நேராக என்னிடம் வந்தார்.

"நீங்களா சொன்னீங்க?"

"ஆமா பாய்."

"கண்ணுதான் போகுது. வேலையையும் சேத்து எடுத்துட்டீங்களே தேவிகா."

ஒரு மாதத்துக்கு மேல் பேச்சே இல்லை. வேலையெல்லாம் இமெயிலில் வரும், பெயர்கூடப் போட மாட்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தேக்கா மார்க்கெட்டில் கணவன் மனைவி இருவரையும் பார்த்தேன். ஒளிந்துகொள்ளலாமா என்று யோசிப்பதற்குள் ரஹ்மத் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். "ஆபீஸ்ல சொன்னப்புறம்தான் எனக்கே தெரியும். அதுவரைக்கும் வாயத் தொறக்கல இந்த மனுஷன். நீங்க சொன்னது நல்லதும்மா."

பாய் பையோடு வேறு பக்கம் பார்த்து நின்றார். பிறகு ஒரு கத்திரிக்காயை எடுத்து, என்னைப் பார்க்காமலே மனைவியிடம் சொன்னார். "இது என்ன கலருன்னு அவங்கள கேளு."

"பச்சை பாய்."

"ஊதான்னு நெனச்சேன்" என்றார். அக்கா சிரித்துவிட்டார். நானும்தான்... கொஞ்சம் அழுதுகொண்டே.

அடுத்த வருடம் அவர் கணக்குப் போட்டு வரைந்து கொடுத்த பெரிய கிளைகளுள்ள மூலக்கூறு தயாரானது. நாங்கள் உள்ளே லேசரை ஓட்டினோம், அவர் காரிடாரில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

அதற்குள் திரையில் கோடுகளும் அவருக்குத் தெரியாமல் போயிருந்தன. அதனால் டிஷ்யூ அடுக்கின் மேல் அலுமினியத் தாளை விரித்து, எலக்ட்ரான் எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தது என்று காட்டும் இரண்டு வளைவுகளைப் பேனாவால் அழுத்தி வரைந்தேன். பழைய மூலக்கூறுக்கு ஒன்று, புதியதற்கு ஒன்று. திருப்பிக் கொடுத்தபோது கோடுகள் மேடாக எழும்பியிருந்தன.

பழைய கோட்டில் அவர் விரல் சட்டென்று கீழே விழுந்தது. புதியதில் மெதுவாக நகர்ந்தது.

"இன்னும் எறங்கலயே..."

"இல்ல பாய்."

"இன்னுமா?"

விரலை எடுக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

இன்று மதியத் தொழுகைக்குப் பிறகு கொண்டுபோனார்கள். அவர்கள் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே பெண்களோடு நின்றிருந்தேன், வேன் சாலையில் திரும்பும்வரை.

உங்களிடம் நான் மன்னிப்பே கேட்கவில்லை. கேட்கும்படி நீங்கள் ஒருநாளும் வைக்கவில்லை.

போய் வாருங்கள் பாய்.