மூன்றாம் மாடி டங்டங்

மூன்றாம் மாடிப் பெரியவர் இப்போது நன்றாக இருக்கிறார். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் பாதியில் "அப்புறம் பிழைச்சாரா?" என்று கேட்டு என் ஓட்டத்தைக் கெடுத்துவிடுவார்கள். பிழைத்தார். ஊன்றுகோலோடு நடக்கிறார். மொட்டை மாடிக்கு ஏறவே கூடாது என்று மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லியிருப்பதால் தினமும் தவறாமல் ஏறுகிறார்.

நான் இரண்டாம் மாடியில், அவர் வீட்டுக்கு நேர் கீழே குடியிருக்கிறேன். தையல் என் தொழில். மோட்டார் வைத்த மெஷின். ஓட ஆரம்பித்தால் சுவரில் மாட்டிய கண்ணாடி ஆடும். அதைவிட அதிகமாக ஓடுவது என் வாய். கையில் வேலை இருந்தால் வாயிலும் வேலை இருந்தாக வேண்டும் எனக்கு. இப்படிப்பட்டவளுடைய தலைக்கு மேலே, சத்தம் என்றாலே ஆகாத ஒரு மனிதரைக் கொண்டுவந்து குடிவைத்ததை என் தலையெழுத்து என்றுதான் வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவர் ஓர் அச்சகத்தில் மெஷின்மேனாக இருந்து ஓய்வுபெற்றவர். செய்தித்தாள் அடிக்கிற ராட்சத மெஷின்கள். பக்கத்தில் நின்று கத்தினாலும் காதில் விழாதாம். டீ வேண்டுமா, மை தீர்ந்துவிட்டதா, எல்லாம் கை ஜாடைதான். வாலிபம் மொத்தமும் அந்த இரைச்சலில் போனவர், வேலையை விட்ட அன்றே மிச்ச ஆயுளுக்கு அமைதிதான் என்று முடிவுகட்டிவிட்டார். மனைவி இருந்தவரை அந்த அம்மா பேசுவாராம், இவர் பேப்பர் படிப்பாராம். அந்த அம்மா போய்ச் சேர்ந்து சில வருஷங்கள் ஆகிவிட்டன. ஒரே மகள் விமானம் ஏறிப் போகும் தூரத்தில் இருக்கிறாள். அவள் போன் செய்தாலும் "நல்லா இருக்கேன், வை" என்பதோடு சரி.

எங்கள் கட்டிடத்தில் மேல் தொட்டியிலிருந்து கீழ்வரை எல்லாக் குளியலறைகள் வழியாகவும் ஒரே இரும்புக் குழாய் இறங்குகிறது. அச்சகத்திலிருந்து கொண்டுவந்த ஸ்பேனர் ஒன்றை, எங்கேயாவது வைத்துவிட்டுத் தேடக் கூடாதே என்று, அந்தக் குழாயிலேயே நீளமான கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருந்தார். எந்த வீட்டிலாவது சத்தம் எழுந்தால் டங், டங். உடனே எல்லா வீட்டு டிவியும் தழையும். புதிதாகக் குடிவருகிறவர்களிடம் வீட்டுக்காரர் சாவியைக் கொடுக்கும்போதே, தண்ணீர் எப்போது வரும், குப்பையை எங்கே போடணும், குழாயில் அடி விழுந்தால் என்ன செய்யணும் என்று சொல்லித்தான் கொடுப்பார்.

நாங்களும் பழகிவிட்டோம். சொல்லப்போனால் அந்தக் கட்டிடத்தில் குழாயைத் தவிர எங்களுக்குள் பழக்கமே கிடையாது. படிக்கட்டில் எதிர்ப்பட்டால் போனைப் பார்த்தபடியே ஒதுங்கிப் போவோம். முதல் மாடியில் ஒரு சமையல்காரர், நாலாம் மாடியில் ஒரு பஸ் டிரைவர் என்று அரைகுறையாகத் தெரியும், அவ்வளவுதான். பெரியவருக்கும் எங்கள் முகம் தெரியாது. ஆனால் ஆளாளுக்குப் பட்டப்பெயர் வைத்திருந்தார். சமையல்காரர் மிக்ஸி. டிரைவர் வேலை முடிந்து வந்ததும் காலணியை ஒவ்வொன்றாகக் கழற்றித் தரையில் வீசுவார், அதனால் பூட்ஸ். நான் தையல். எனக்கும் இப்போது அந்தப் பெயர்கள்தான் வாயில் வருகின்றன.

அன்று மதியம் நான் ஏதோ ஓர் அலுவலகத்துக்காகத் தடித்த துணியில் திரைச்சீலை தைத்துக்கொண்டிருந்தேன். டங் என்றது. மெஷினை நிறுத்தினேன். டங், டங். எழுந்து ஃபேனையும் நிறுத்தினேன். கீழே மிக்ஸி நின்றது. மேலே யாரோ டிவியை அணைத்தார்கள். கட்டிடமே மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அவர் மட்டும் நிறுத்தவில்லை. வேர்த்து வழிந்ததில் எனக்குக் கோபம் தலைக்கேறியது. இன்றைக்கு இரண்டில் ஒன்று பார்த்துவிடுவது என்று வரிந்து கட்டிக்கொண்டு வெளியே வந்தேன்.

படிக்கட்டில் தோளில் துண்டோடு மிக்ஸி ஏறி வந்துகொண்டிருந்தார்.

"ஏங்க, கொஞ்ச நேரம் அந்த மெஷினை நிறுத்தக் கூடாதா? உங்களாலதான் அவர் இந்த அடி அடிக்கிறார்" என்றார்.

"நான் ஃபேனைக்கூட நிறுத்திட்டு வேர்த்து ஊத்த உக்காந்திருக்கேன். நீங்கதான் அரைச்சு முடிக்கவே மாட்டேங்கிறீங்க."

"நான் அரைக்கிறத விட்டு எவ்வளவோ நேரமாச்சு."

இரண்டு பேரும் ஒன்றாக மேலே பார்த்தோம். பூட்ஸ் வெறுங்காலோடு, காலணிகளைக் கையில் தூக்கிக்கொண்டு இறங்கி வந்தார். "என்னை எதுக்குப் பாக்குறீங்க? நான் இன்னும் தரையில வைக்கவே இல்ல" என்றார்.

அப்போது பார்சல் கொண்டுவந்த ஒருவர், பெட்டியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, நாங்கள் வழிவிடுவோம் என்று கீழ்ப்படியில் காத்துக்கொண்டிருந்தார். எங்கள் முகங்களை மாறி மாறிப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"யாருமே சத்தம் போடலன்னா, அவர் எதுக்குங்க அடிக்கிறார்?"



ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டு மேலே ஓடினோம். பெரியவர் வீடு உள்ளே பூட்டியிருந்தது. கதவில் காதை வைத்தேன். இரண்டு அடிகளுக்கு நடுவே கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல ஒரு குரல். "விழுந்துட்டேன். எழுந்திரிக்க முடியல."

பூட்ஸ் அந்த அவசரத்திலும் படியில் உட்கார்ந்து காலணியை மாட்டி, கயிற்றை இறுக்கிக் கட்டினார். பிறகு ஓங்கி ஓர் உதை. கதவு அதிர்ந்தது. உள்ளேயிருந்து "மெதுவா" என்று குரல் வந்தது. அந்த நிலைமையிலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடுத்த உதையில் பூட்டு பிடுங்கிக்கொண்டது.

குளியலறைக் கதவு சாத்தியிருந்ததே தவிர தாழ்ப்பாள் போடவில்லை. தனியாக இருக்கிற மனுஷன் யாருக்காகத் தாழ்ப்பாள் போடப்போகிறார்? மிக்ஸி கதவில் கை வைத்ததும், "பொம்பளைங்க யாரும் உள்ள வராதீங்க. குளிக்கும்போது விழுந்தேன்" என்றார் பெரியவர். எனக்குப் புரிந்தது. நாலு கால் பாய்ச்சலில் கீழே போய், தைத்துக்கொண்டிருந்த திரைச்சீலையை அப்படியே உருவி, குண்டூசிகளைப் பிடுங்கி எறிந்துகொண்டே மேலே வந்து மிக்ஸியிடம் கொடுத்தேன். கழுத்துவரை போர்த்திவிட்டுத்தான் என்னைக் கூப்பிட்டார்கள்.

ஈரத் தரையில் கிடந்தார். உதடு நீலம் பாரித்திருந்தது. ஒரு கால் கோணலாக வெளிப்பக்கம் திரும்பியிருந்தது. கயிற்றைப் பிடித்து இழுத்து எட்டிய ஸ்பேனர் இன்னும் கையில் இருந்தது. மிக்ஸி பலசாலி, குனிந்து ஒரே தூக்காகத் தூக்கப் பார்த்தார். பார்சல்காரர் அவர் தோளைப் பிடித்து நிறுத்தினார்.

"தூக்காதீங்க அண்ணே. இடுப்பு ஒடஞ்சிருக்கும் போல. எங்க அப்பாவ அப்படித்தான் தூக்கி இன்னும் மோசமாக்கிட்டோம். ஆம்புலன்ஸ் வரட்டும்."

அவரே போன் செய்தார். நாங்கள் ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்து, போர்வைகளைக் கொண்டுவந்து சுற்றி, ஐஸ் போலக் கிடந்த கையையும் பாதங்களையும் தேய்த்தோம். பெயர்கூடத் தெரியாத நாலு பேர் சேர்ந்து ஒருவருடைய பாதத்தைத் தேய்ப்பது வேடிக்கைதான். ஆனால் அப்போது யாருக்கும் அப்படித் தோன்றவில்லை.

"எப்போலேர்ந்து ஐயா அடிக்கிறீங்க?" என்று கேட்டேன்.

"காலையிலேர்ந்து. நடுவுல கை ஓஞ்சு போச்சு. அப்புறம் திரும்ப அடிச்சேன்."

எனக்குச் சுருக்கென்றது. காலையில் அடித்தது எனக்கும் கேட்டதுதான். வம்பு எதற்கு என்று மெஷினை மூடிவிட்டு, துணி வெட்டுகிற வேலையைப் பார்த்தேன். அது சத்தமில்லாத வேலை. மிக்ஸியும் தலையைக் குனிந்துகொண்டார். பெரியவருக்கு எங்கள்மேல் கோபம் இருந்ததாகத் தெரியவில்லை. பாடம் எடுப்பது போல நிதானமாகச் சொன்னார்:

"பிரஸ்ல யாராவது மாட்டிக்கிட்டா இரும்புத் தூண்ல இப்படித்தான் அடிப்போம். அடிச்ச உடனே எல்லாரும் மெஷினை நிறுத்திட்டு ஓடி வருவாங்க. நீங்களும் நிறுத்துனீங்க. ஆனா நிறுத்திட்டு உக்காந்துட்டீங்களே."

ஆம்புலன்ஸ் வந்தது. வந்தவர்கள் இரண்டே பேர். எங்கள் படிக்கட்டோ திருப்பத்துக்குத் திருப்பம் குறுகலானது. காலை அசையாமல் கட்டி, ஸ்ட்ரெச்சரில் படுக்கவைத்து, முதல் திருப்பத்திலேயே எல்லோரும் முழித்தோம். பஸ் ஓட்டுகிறவர் சும்மா இருப்பாரா? பூட்ஸ் முன்னால் இறங்கி நின்றுகொண்டு, பஸ்ஸைப் பின்னால் எடுப்பது போலக் கையைக் காட்டினார். "வரட்டும், வரட்டும். இடது பக்கம் இடம் இருக்கு. கொஞ்சம் ஒடிச்சுக்க. போதும், நேரா வா." கைப்பிடிச் சுவருக்கு மேலே ஸ்ட்ரெச்சரைத் தூக்கி, கை மாற்றிக் கை மாற்றி இறக்கினோம். ஒவ்வொரு மாடியிலும் கதவு திறந்து யாராவது வந்து ஒரு கை கொடுத்தார்கள். அவர்களில் பாதிப் பேரை நான் அதற்கு முன்னால் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. சாய்ந்துவிடாமல், எங்கும் இடிக்காமல் தெருவுக்கு வந்து சேர்ந்தோம்.

"கூட யாரு வர்றீங்க? சொந்தக்காரங்க யாரு?" என்று ஆம்புலன்ஸ்காரர் கேட்டார்.

திரைச்சீலைக்குள்ளிருந்து ஒரு கை வந்து என் மணிக்கட்டைப் பிடித்தது. அதற்கு மேல் யோசிக்க என்ன இருக்கிறது? நான் ஏறிக்கொண்டேன். பார்சல்காரர் தன் வண்டியில் மிக்ஸியையும் பூட்ஸையும் ஏற்றிக்கொண்டு பின்னால் வருவதாகச் சொன்னார். யார் வீட்டுப் பார்சலோ, அது படிக்கட்டிலேயே கிடந்தது.

கதவைச் சாத்தியதும் உள்ளே ஒரேயடியாக அமைதியாகிவிட்டது. பெரியவர் வண்டியின் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். என் மணிக்கட்டை விடவில்லை. எனக்கு ஆயிரம் கேட்க வேண்டும் போல இருந்தது. ஆனால் சத்தம் பிடிக்காத மனுஷராயிற்றே, வலியில் வேறு இருக்கிறார், அவரைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அப்படி நான் வாயைக் கட்டியது என் ஆயுளில் அதுதான் முதல் தடவை.

"ஏம்மா, தையல்" என்றார்.

"சொல்லுங்க ஐயா."

"பேசாம வராதம்மா. பயமா இருக்கு. ஏதாவது பேசிக்கிட்டே வா."

பேச்சே தொழிலாக இருந்தவளுக்கு அந்த நேரம் பார்த்து ஒரு வார்த்தை வரவில்லை. "என்ன ஐயா பேசட்டும்?" என்றேன்.

அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

"முந்தாநாள் யார்கிட்டயோ சொல்லிக்கிட்டிருந்தியே, கல்யாணத்தன்னைக்குக் காலையில காணாமப்போன பொண்ணு, அவ அப்புறம் என்ன ஆனா? கடைசியில கிடைச்சாளா? நடுவுல மெஷினை ஓட்டிட்ட, மிச்சம் காதுல விழல. எவ்வளவு அடிச்சும் நீ நிறுத்தல."

கண்ணைத் துடைத்துக்கொண்டு, அந்தப் பெண்ணின் கதையை முதலிலிருந்து ஆரம்பித்தேன்.