ஆன் பண்ணியதும் வருகிற முகம்

கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை நடத்துகிறவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை: மெஷினுக்குள் என்ன கோளாறு என்பதைவிட, ஆன் பண்ணியதும் முதலில் என்ன தெரிகிறது என்பதுதான் பல பேருக்குப் பெரிய கவலை. மலை மேல் இருக்கிற ஜமுனாமரத்தூரில் பஸ் ஸ்டாண்டு பக்கம் நான் கடை போட்டபோது, வைரஸ் எடுப்பதும் கீபோர்டு மாற்றுவதும்தான் வேலை என்று நினைத்தேன். வந்தவர்களோ, ஸ்விட்சைத் தட்டியதும் கம்பெனி பேர் வருகிற இடத்தில் எங்கள் படத்தைப் போட்டுக் கொடு என்றார்கள். எல்லா மாடலும் அதற்கு ஒத்துக்கொள்ளாது. ஒத்துக்கொள்கிற மாடலிலும், பாதி வேலையில் கரண்ட் போனால் மெஷின் மறுபடி எழுந்திருக்காது. மலையில் கரண்ட் எப்படியென்றும் உங்களுக்குத் தெரியும்.

கம்பெனி பேரே போதும்

சந்தவாசலிலிருந்து மலைக்கு மளிகைச் சாமான் ஏற்றி வருகிற லோடு ஆட்டோக்காரர் ஒருவர். தையில் கல்யாணம் முடிந்த கையோடு வந்து, மாலையும் கழுத்துமாக இருவரும் நிற்கிற படத்தை வைக்கச் சொன்னார். வைத்துக் கொடுத்தேன். ஆடி கழிந்து ஒருநாள் அதே லேப்டாப்போடு வந்து, எடுத்துவிடுங்கள் என்றார். அந்தப் பெண் அம்மா வீட்டுக்குப் போனவள் திரும்பவில்லையாம். அதற்குப் பதில் வேறு படம் எதை வைக்கட்டும், சாமி படமா, பூவா என்று கேட்டேன். வேண்டாமென்று கையசைத்தார். "முன்னாடி இருந்த கம்பெனி பேரே வரட்டும்க்கா. அது யாரையும் வுட்டுட்டுப் போவாது."

பின்வரிசை ஓரம்

விடுதியோடு சேர்ந்த ஒரு பள்ளியின் டீச்சர், தன் வகுப்புப் பிள்ளைகளின் குரூப் போட்டோவை எடுத்து வந்தார். படம் ரொம்ப அகலம். ஓரத்தை வெட்டினால்தான் திரையில் அடங்கும். பின்வரிசை ஓரத்தில் ஒரு பெண், பாதி முகம் பக்கத்துப் பிள்ளையின் தோளுக்குப் பின்னால். இதை மட்டும் வெட்டிவிடலாமா என்று கேட்டேன். வேண்டாம் என்று டீச்சர் அந்த முகத்தின் மேல் விரலை வைத்தார். காரணமும் சொன்னார். லீவுக்குப் போன இடத்தில் அவளுக்குக் கல்யாணம் பண்ணிவிட்டார்களாம். இவர் வீடு தேடிப் போயும் பார்க்க விடவில்லையாம். படத்தையே மொத்தமாகச் சுருக்கினேன். முகங்களெல்லாம் கடுகு கடுகாகிவிட்டன, பரவாயில்லையா என்றேன். "பள்ளிக்கூடத்துல அவ பேர எடுத்துட்டாங்க மேடம். இங்கயாவது இருந்துட்டுப் போவட்டும்."

சத்யாவின் அப்பா

குப்புசாமி சாமையும் புளியும் விளைவிக்கிறவர். அவர் மகள் சத்யா திருப்பத்தூரில் காலேஜ் படித்துக்கொண்டிருந்தாள். விடுமுறைக்கு வந்த இடத்தில் காய்ச்சல் கண்டு, ஆஸ்பத்திரிக்கு மலையிறங்குகிற வழியிலேயே போய்விட்டாள். அவளுடைய லேப்டாப்பைத்தான் அவர் கொண்டுவந்தார். பாஸ்வேர்டு யாருக்கும் தெரியாது. அதை அழித்துத் திறந்து தருகிறேன் என்றதற்கு வேண்டாம் என்று தலையாட்டினார். பூட்டைத் தொடாமல், ஆன் பண்ணியதும் அவள் முகம் மட்டும் வந்தால் போதுமாம்.

அவர் போனிலிருந்த படத்தைக் கொடுத்தார். சாமைக் கொல்லையில் வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிச் சிரித்துக்கொண்டு நிற்கிறாள். லேப்டாப் பேட்டரி செத்துக் கிடந்ததால், பக்கத்து ஜெராக்ஸ் கடையில் யுபிஎஸ் கடன் வாங்கித்தான் வேலையை ஆரம்பித்தேன். முடிந்ததும் ஆன் பண்ணினேன். முகம் வந்தது, சில நொடி நின்றது, பிறகு பாஸ்வேர்டு கேட்கிற திரை வந்து மறைத்துவிட்டது. அவ்வளவுதான் நிற்கும் என்றேன். குப்புசாமி மூடியைச் சாத்தினார். "போதும்மா. இருந்ததே கொஞ்ச நாளுதான."

சத்யாவின் அம்மா

சோளம் அறுக்கிற சமயத்தில் சத்யாவின் அம்மா தனியாக வந்தார். ஒயர் கூடைக்குள் துண்டில் சுற்றிய அதே லேப்டாப். அந்தப் படத்தை எடுத்துவிடச் சொன்னார். புருஷன் கொல்லைக்கே போவதில்லையாம். காலையில் உட்கார்ந்தால், தட்டுகிறார், பார்க்கிறார், அணைக்கிறார், மறுபடி தட்டுகிறார். சோறு ஆறிப்போகிறது, களை மண்டிப்போகிறது. இந்த அம்மாள் மட்டும் இதுவரை அந்தப் பக்கம் திரும்பியதேயில்லையாம். பார்த்தால் தானும் உட்கார்ந்துவிடுவோம் என்று பயம். வீட்டில் ஒருத்தராவது எழுந்து நடமாட வேண்டும் அல்லவா?

எனக்கு அதை எடுக்க மனசில்லை. எடுக்காமல் அனுப்பவும் முடியாது. ஒயரை மாட்டினேன். அவர் ரோட்டுப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். லேப்டாப்பின் ஃபேன் சத்தம் கேட்டதும், என்னையறியாமல், "வந்துட்டா" என்று சொல்லிவிட்டேன். சட்டென்று திரும்பினார். முகம் வந்து, நின்று, மறைந்தது. விரலால் ஸ்விட்சைக் காட்டினார். மறுபடி தட்டினேன். மூன்றாவது தடவை அவரே தட்டினார். அழிக்கட்டுமா என்று நான் கேட்கவில்லை.

முந்தானையால் திரையைத் துடைத்துவிட்டு மெதுவாகக் கேட்டார். "எடுக்காதம்மா. இன்னும் கொஞ்ச நேரம் நிக்கற மாதிரி வெக்க முடியுமா? நின்னா அந்த மனுசனும் அமத்தி அமத்திப் போட மாட்டாரு."

செட்டிங்கில் அதற்கு ஒரு இடம் உண்டு. எவ்வளவு தூரம் நீட்ட முடியுமோ அவ்வளவும் நீட்டி வைத்தேன். கம்ப்யூட்டர் சீக்கிரம் ஆன் ஆகவில்லை என்று வருகிறவர்களிடம் பேச்சு வாங்கியே பழகிய நம் தொழிலில், மெதுவாக்கிக் கொடுத்ததற்காக ஒருவர் கையெடுத்துக் கும்பிட்டது எனக்கு அந்த ஒரு தடவைதான்.