தஸ்தகீர் மேஸ்திரி பிடித்த கிழக்கு

சூளகிரி வட்டாரத்தில் பள்ளிவாசல் கட்ட வேண்டுமென்றால் தஸ்தகீர் மேஸ்திரியைக் கூப்பிடுவார்கள். மாதா கோவில் கட்டுவதென்றாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். கும்பிடுகிற இடத்தில் சுவர் ஒரு நூல் சாய்ந்தாலும் மனுஷனுக்குச் சோறு இறங்காது. கம்பெனி ஷெட் கட்டும்போது அந்தத் தொந்தரவெல்லாம் கிடையாது, மூன்று வேளையும் நன்றாகவே சாப்பிடுவார்.

இந்தக் கிறுக்கு அவருக்குக் கிருஷ்ணகிரிப் பக்கத்தில் ஒரு பழைய மாதா கோவிலைப் பழுது பார்க்கப் போனபோது பிடித்தது. நூறு வருஷத்துக் கட்டடம். கூர்முனை வளைவுகள், சுண்ணாம்புப் பூச்சு, உயரத்தில் வண்ணக் கண்ணாடி. சாயங்கால வெயில் அந்தக் கண்ணாடி வழியாக வந்து அவர் கைலியில் சிவப்பும் நீலமுமாக விழுந்ததாம். கலவை இறுகிப் போகும்வரை அதைப் பார்த்துக்கொண்டே நின்று, நன்றாகத் திட்டு வாங்கினார். அப்புறம் இரண்டாயிரத்து மூன்றில் ஓசூரில் ஒரு புதுக் கோவில் வேலை. வளைவும் கிடையாது, தூணும் கிடையாது, விசிறியை விரித்துக் கவிழ்த்த மாதிரி ஒரே கான்கிரீட் கூரை. "இதென்ன கோவிலா, கல்யாண மண்டபமா?" என்று கூரை வார்க்கச் சென்ட்ரிங் பலகை அடித்த நாளெல்லாம் முணுமுணுத்தார். சென்ட்ரிங் பிரித்த அன்று சிலுவைக்குப் பின்னால் விட்டிருந்த ஒற்றை இடுக்கு வழியாக வெளிச்சம் சுவரோடு வழிந்து இறங்கியது. அதற்குப் பிறகு அந்தக் கோவிலைப் பற்றி அவர் ஒரு குறை சொன்னதில்லை.

இப்படிப்பட்டவர் கையால்தான் அந்தத் தப்பு நடந்தது.

இரண்டாயிரத்து ஆறில், ஓசூர்க் கம்பெனிகளில் வேலை செய்யும் மலையாள ஆர்த்தடாக்ஸ் குடும்பங்கள் முப்பது சேர்ந்து, சூளகிரிக்கு வெளியே அரை ஏக்கரில் கோவில் கட்டத் தொடங்கினார்கள். பாதிரியார் ஃபாதர் கீவர்கீஸ் சொன்ன நிபந்தனை ஒன்றே ஒன்று: "பலிபீடம் கிழக்கே இருக்கணும். நாங்க கிழக்கு பாத்துத்தான் ஜெபிப்போம்."

அஸ்திவாரத்துக்கு முளை அடிக்கிற அன்று ஆடி மாத மேகம், சூரியனைக் காணோம். தஸ்தகீர் சட்டைப் பையிலிருந்து காம்பஸை எடுத்தார். அது ஏழு பள்ளிவாசலுக்குத் திசை பிடித்த காம்பஸ். கை தன் பாட்டுக்கு முள்ளைப் பள்ளிவாசலுக்குப் பழகிய கோட்டில் கொண்டுபோய் நிறுத்தியது. அந்தத் தொழுகைத் திசையை மேற்கு என்று வைத்து, எதிர்ப்பக்கம் கிழக்கு என்று கயிறு கட்டிவிட்டார். தொழுகைக்கு நாம் மேற்கு என்று சொல்கிறோமே தவிர, மக்கா இருப்பது நேர் மேற்கில் அல்ல. கொஞ்சம் வடக்கே தள்ளி. அதற்கு எதிர்ப்பக்கம் பிடித்தால் கிழக்கும் தெற்கே தள்ளிப் போய்விடும். இது அவருக்குத் தெரியாததா? முப்பது வருஷமாகத் தெரியும். அன்றைக்கு மட்டும் மறந்துபோயிற்று.

யாரும் கண்டுபிடிக்கவும் இல்லை. சுவர் எழும்பியது கார்த்திகை, மார்கழியில். அந்த மாதங்களில் சூரியன் தெற்கே தள்ளித்தானே உதிக்கும். வெயில் கோவிலுக்குள் நேர்கோடாகவே விழுந்தது. ஞாயிற்றுக்கிழமை தவறாமல், நைட் ஷிப்ட் முடித்த கண்ணோடு முப்பது குடும்பமும் வந்து செங்கல் எடுத்துக் கொடுத்தது.

சூரியன் நேர் கிழக்கில் உதிக்கிற பங்குனியில் ஒருநாள் விடிகாலை, சுவருக்குத் தண்ணீர் அடிக்கப் போனார். பலிபீடம் வரப்போகிற இடத்தில் ஒரு சவுக்குக் கம்பு நட்டிருந்தது. சூரியன் எழுந்ததும் அதன் நிழல் கோவில் நெடுகக் கட்டியிருந்த நடுக்கயிற்றின் மேல் விழவில்லை. கயிற்றை விட்டு விலகிப் போய்த் தென்புறச் சுவரில் ஏறியது. தஸ்தகீர் கையிலிருந்த ரப்பர் குழாய் கீழே விழுந்து, தண்ணீர் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

மூன்று நாள் அவர் யாரிடமும் வாய் திறக்கவில்லை. இடிப்பதென்றால் ஜன்னலுக்கு மேல் லிண்டல் வரை வந்த சுவரை இடிக்க வேண்டும். எத்தனை பேர் தூக்கிக் கொடுத்த செங்கல். சொல்லாமல் விட்டாலோ, ஒரு ஊரே தப்பான பக்கம் பார்த்து ஆண்டவனைக் கும்பிடும்.

அவர் மனைவி முனவர் பேகம் மூன்றாம் நாள் தட்டைப் பார்த்தாள். வைத்த சோறு வைத்தபடி இருந்தது. விஷயத்தைப் பிடுங்கி வாங்கினாள்.

"போயி சொல்லிட்டு வாங்க. சொவுரு இடிஞ்சா மறுக்கா கட்டிக்கலாம். நீங்க இப்பிடி இடிஞ்சு போயி ஒக்காந்தா நான் யார வெச்சுக் கட்டறது?"

போனார். ஃபாதரை அந்தக் கம்புக்குப் பக்கத்தில் நிறுத்தி, "தப்பு பண்ணிட்டனுங்க ஃபாதர். எங்க தெச புடிச்சு உங்க கோயிலுக்குக் கயிறு கட்டிட்டேன்" என்றார்.

ஃபாதர் நிழலைப் பார்த்தார், கயிற்றைப் பார்த்தார், வெகுநேரம் தாடியை நீவிக்கொண்டிருந்தார். பிறகு, "பாய், சுவர் எங்க வேணா பாக்கட்டும். பலிபீடம் கிழக்கே இருக்கா, அதுதான் கேள்வி" என்றார்.

அந்த வார்த்தையில் தஸ்தகீருக்கு மூளை வேலை செய்யத் தொடங்கியது. பலிபீடத்தின் பின்சுவர் அரைவட்டம். முழங்கால் உயரத்துக்குத்தான் வந்திருந்தது, ஜன்னல் இன்னும் திறக்கவில்லை. வளைந்த சுவரில் நடு எங்கே? நாம் வைக்கிற இடம்தானே நடு.

"பீடத்தையும் படியையும் இந்த வளைவுக்குள்ளயே திருப்பிப் போட்டுரலாங்க. ஜன்னல நேர் கெழக்குல தொறந்துக்கலாம். ஒரு கல்லு இடிக்க வேணாம்."

ஆயர் சம்மதிக்க வேண்டுமே. கடிதம் போய்ப் பதில் வர ஒன்பது நாள் ஆயிற்று. தஸ்தகீர் இளைத்துப் போனார். பத்தாம் நாள் ஃபாதர் பைக்கில் வந்து இறங்கி, "பீடம் கிழக்கே இருந்தா போதும்னு சொல்லிட்டாங்க" என்றார். தஸ்தகீர் மணல் குவியலில் அப்படியே உட்கார்ந்துகொண்டார். அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. கூட வேலை செய்த சென்றாயன் ஓடிப்போய் டீ வாங்கி வந்தான்.

கோவில் இரண்டாயிரத்து எட்டில் முடிந்தது. வெள்ளைச் சுவர், நாட்டு ஓடு, உள்ளே திரைச்சீலை, குத்துவிளக்கு. காலையில் கிழக்கு ஜன்னலில் புறப்படுகிற வெளிச்சம் பலிபீடத்தைத் தொட்டு, தரை நெடுகக் குறுக்கே நடந்து, தென்சுவரில் போய் ஏறும். பார்க்கிறவர்கள் அந்தக் கோட்டோடு கூடவே நடந்து பார்ப்பார்கள். தஸ்தகீருக்கு மட்டும் அந்தக் குறுக்குக் கோடு கண்ணில் விழுந்த தூசி. எத்தனை பேர் புகழ்ந்தாலும், தன் தப்பு தரையில் படுத்துக் கிடப்பதாகவே அவருக்குத் தெரிந்தது.

அடுத்த வருஷம் பெங்களூரிலிருந்து கட்டடக் கலை சொல்லிக்கொடுக்கும் அம்மா ஒருவர் மாணவர்களோடு வந்தார். அந்தச் சாய்ந்த வெளிச்சத்துக்கு அரைமணி நேரம் விளக்கம் சொன்னார். மனிதன் வருகிற வழி ஒன்று, கடவுளின் வெளிச்சம் வருகிற வழி இன்னொன்று, இரண்டும் பீடத்தில் சந்திக்கின்றன என்றெல்லாம். கூரையில் கசிந்த ஓடுகளை மாற்ற வந்திருந்த தஸ்தகீர் ஏணியில் நின்றபடி கேட்டுக்கொண்டிருந்தார், காது சுட்டது.

"இது யாரோட ஐடியா ஃபாதர்?" என்றார் அந்த அம்மா.

ஃபாதர் ஏணியைக் காட்டினார். "அவர்தான். நாங்க கும்பிடறது கிழக்கே. இந்தக் கட்டடம் படுத்திருக்கறது அவர் தொழற திசையில. ரெண்டும் இங்க கூடியிருக்கு. எனக்கு இதுல ஒரு குறையும் தெரியல."

மாணவர்கள் எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். தஸ்தகீர் மீதி ஓடுகளையும் மாட்டிவிட்டு, இறங்கி, கைகால் கழுவி, வீட்டுக்குப் போனார்.

முனவர் பேகம் சோறு போட்டாள். சாப்பிட்டு முடித்து, தட்டை மறுபடியும் நீட்டினார்.

"இன்னொரு கரண்டி போடு" என்றார்.