தங்கச்சிக்குத் துணையாக ஓடியது

சாயல்குடியிலிருந்து கடற்கரைச் சாலையில் நாற்பது கிலோமீட்டர் சைக்கிள் மிதித்துவிட்டு வந்து, இட்லி எங்கே என்று கேட்கிற ஆள் நான். ஓடுவதெல்லாம் எனக்கு ஒரு வேலையா என்று நினைத்திருந்தேன்.

தங்கச்சி போலீஸ் எழுத்துத் தேர்வில் பாஸாகிவிட்டாள். ஓட்டத் தேர்வுக்கு மூன்று மாதம் இருந்தது. விடியற்காலையில் உப்பளத்து வரப்பில் ஓடிப் பழகுகிறேன் என்றாள். வயசுப்பிள்ளை தனியாகப் போகக் கூடாது, அண்ணன் கூடவே ஓடினால் போகட்டும், இல்லாவிட்டால் வீட்டில் கிடக்கட்டும் என்று எங்களைப் பெற்ற அய்யா முடித்துவிட்டார். அந்தச் சேற்று வரப்பில் சைக்கிள் உருளாது. ஆக, அவளுடைய காக்கிச்சட்டை என் காலை நம்பி நின்றது.

முதல் நாள் நான்தான் முன்னால் பறந்தேன். மூச்சுகூட வாங்கவில்லை. மூன்றாம் நாள் முழங்காலுக்குக் கீழே எலும்பு விண்விண்ணென்று தெறித்தது. ஒரு வாரம் தைலம் தேய்த்துக்கொண்டு படுத்திருந்தேன். அவளும் ஒரு வாரம் வாசலைத் தாண்டவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது.

மறுபடி ஓடியபோது பின்னால் வந்து கவனித்தாள். இல்லாத ஹாண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு நான் ஓடுகிறேனாம். முதுகு கூனி, காலை எட்டி எறிந்து, குதிகால் தரையில் இடிக்கிறதாம். எனக்கே பாடமா என்று எகிறினேன். வீட்டுக்கு வந்ததும், துண்டைச் சும்மாடாகச் சுற்றி என் தலையில் வைத்து, அரைக்குடம் தண்ணீரை ஏற்றினாள்.

“தெருக்கோடி வரைக்கும் போயிட்டு வாண்ணே. சிந்தக் கூடாது.”

எங்கள் ஊரில் பொம்பளைகளுக்குத் தண்ணீர் தலையில் வரும், ஆம்பளைகளுக்குச் சைக்கிள் கேரியரில் வரும். நான் ஒருநாளும் தலையில் சுமந்ததில்லை. பத்தடியில் சட்டை தொப்பலாகிவிட்டது. குழாயடியில் நின்றவர்கள் வாய்விட்டுச் சிரித்தார்கள். காலை எட்டிப் போட்டால் தண்ணீர் அலம்பியது, குனிந்தால் காதில் வழிந்தது. கழுத்தை நிமிர்த்தி, அடியைச் சுருக்கி, காலை உடம்புக்கு நேர்கீழே வைத்தபோதுதான் குடம் சும்மா இருந்தது. நாலு நாள் அப்படி நடந்தேன். பிறகு குடத்தை இறக்கிவிட்டு, அதே நடையை ஓட்டமாக்கினேன்.

வலி வரவில்லை. ஒருநாள்கூட விடுபடாமல் ஓடினோம். ஆனால் அவள் வேகம் கூடிக்கொண்டே போக, நான் பின்தங்கினேன். நில்லு என்று கத்துவேன், அவளும் நின்று காத்திருப்பாள். அய்யா கூடவே ஓடச் சொல்லியிருந்தாரே. இப்படி நின்று நின்று ஓடினால் தேர்வில் எப்படி ஜெயிப்பாள் என்று எனக்குக் கவலை பிடித்தது.

தேர்வுக்குப் பத்து நாள் இருக்கும்போது அய்யா வரப்புக்கு வந்தார். அன்றும் நான் கத்தினேன், அவளும் நின்றாள். அய்யா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

“ஏலே, நீ வாரப்ப வா. அவள எதுக்கு நிப்பாட்டுற?” என்றார். பிறகு அவளைப் பார்த்து, “நீ ஓடு தாயி. நான் இங்கனதான் நிக்கிறேன்.”

அவளுடைய முழு வேகத்தை அன்றுதான் பார்த்தேன். எனக்கு அழுகை வந்தது. வேர்வையோடு சேர்த்துத் துடைத்துக்கொண்டு, கழுத்தை நிமிர்த்தி, அடியைச் சுருக்கி, அவளுக்கு வெகுதூரம் பின்னால் ஓடிக்கொண்டிருந்தேன்.