கப்பலுக்குச் சேர்த்த சாமான்கள்

கோட்டையில் ஒரு கப்பல் ஏஜென்சிக் கந்தோரில் நானும் நண்பரும் ஒரே வருடத்தில் கிளார்க்காகச் சேர்ந்தோம். பக்கத்துப் பக்கத்து மேசை. நான் வெள்ளவத்தையில், கடலுக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில், ஒரு பறங்கி அம்மாவின் வீட்டுப் பின்பகுதியில் மனைவியோடு வாடகைக்கு இருந்தேன். நண்பருக்குக் கொட்டாஞ்சேனையில் மாமனாரின் பழைய பெரிய வீடு.

என் வலக்கையில் சுட்டுவிரலும் நடுவிரலும் மடங்காது. பள்ளிக்கூட நாளில் கிணற்றுக் கப்பியில் அகப்பட்டவை. பேனையைப் பெருவிரலுக்கும் மோதிரவிரலுக்கும் இடையில் பிடித்து எழுதுவேன். எழுத்து நன்றாகவே இருக்கும். ஆனால் புதிதாகச் சந்திப்பவர்கள் முதலில் கையைப் பார்ப்பார்கள். பிறகு பார்க்காதது போலக் கண்ணை எடுப்பார்கள். நண்பர் அப்படிச் செய்யவில்லை. முதல் நாளே தன் மைக்கூட்டை என் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டுத் தன் வேலையைப் பார்த்தார். அதன் பிறகும் என் கையைப் பற்றி அவர் வாயில் ஒரு சொல் வந்ததில்லை. அவரை எனக்கு அவ்வளவு பிடித்துப் போனதற்கு அதுதான் காரணம்.

ஐரோப்பாவில் யுத்தம் தொடங்கி, கொழும்பில் அதன் சத்தம் கேட்காமல் விலைவாசி மட்டும் ஏறிக்கொண்டிருந்த காலம். காணாமற்போன ஒரு டிரங்குப் பெட்டியை நண்பர் தேடிப்பிடித்துக் கொடுத்ததற்காகக் கப்பல் ஸ்டூவர்ட் ஒருவர் அவருக்கு ஒரு அட்டைப் பெட்டியைப் பரிசாகக் கொடுத்துவிட்டுப் போனார். மூடியில் மூன்று பாய்மரங்களோடு ஒரு கப்பல். உள்ளே கப்பலின் விலா எலும்புகள் போல வெட்டிய சட்டங்கள், ஓலைபோல மெல்லிய பலகைகள், நூற்கண்டுகள், ஈயத்தில் வார்த்த குட்டி நங்கூரங்கள், நாலாக மடித்த வரைபடம். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் இருவரும் அதை மேசையில் விரித்து வைத்துச் சாப்பிட மறந்து போனோம்.

"ஐசே, இதை நாங்கள் ரெண்டு பேருமாச் செய்வம். தனிய ஒருத்தர் செய்யிற வேலை இல்லை இது" என்றார் நண்பர்.

"செய்யிற ஆயுதங்கள் ஒண்டும் பெட்டிக்குள்ள இல்லையே?"

"அதை நீர் தேடும். உமக்குத்தான் பெற்றாவில எல்லாக் கடையும் தெரியும். பெட்டி என்ர வீட்டில இருக்கட்டும், இடம் கிடக்கு. எல்லாம் சேர்ந்த பிறகு ஒரு நல்ல நாளாப் பாத்துத் திறப்பம்."

நான் ஓம் என்றேன். அன்று வீட்டுக்குப் போகும் ரயிலில் கடலைப் பார்த்தபோது தூரத்தில் நின்ற கப்பல்களின் பாய்மரங்களைத்தான் தேடினேன். எல்லாம் புகைபோக்கிக் கப்பல்கள்.

தேடத் தொடங்கிய பிறகுதான் எவ்வளவு தேவை என்று தெரிந்தது. சீமைச் சாமான்கள் கடைகளில் குறைந்து கொண்டிருந்தன. கிடைப்பதைக் கொண்டுதான் பார்க்க வேண்டும். சவர பிளேட்டை நீளவாக்கில் முறித்து, பிளந்த மூங்கில் துண்டில் செருகி நூலால் இறுக்கிக் கத்தியாக்கினேன். செட்டியார் தெருவில் பொன் வேலை செய்பவர் ஒருவரிடம் நுனி வளைந்த பழைய சாமணம் கிடைத்தது. வீட்டுப் படிக்கல்லில் உரைத்து நேராக்கினேன். பலகையைத் தேய்த்து மழமழப்பாக்கும் நுணுக்கமான அரத்தாள்தான் எங்கும் இல்லை. கடைசியில் பெற்றா என்கிற புறக்கோட்டையில் ஒரு முஸ்லிம் ஹாட்வெயார் கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நைஸ் தாள் இப்ப வாரல்ல மகன். கப்பலே வாரல்லயே."

"கப்பல் செய்யத்தான் கேக்கிறன், நானா" என்று அண்ணன் முறை சொல்லி அழைத்து விஷயத்தைச் சொன்னேன்.

அவர் வாய்விட்டுச் சிரித்தார். உள்ளே போய், ஓரம் ஈரத்தில் ஊறிப்போன ஒரு கட்டை எடுத்து வந்தார். "நனையாத பக்கத்தை வெட்டி எடுங்க. செஞ்சு முடிச்சா எனக்கும் ஒருக்காக் காட்டுங்க."

தச்சர்கள் பாவிக்கும் வச்சிரப் பசையை வாங்கி வந்து கொதிநீர்ப் பாத்திரத்துக்குள் டின்னை வைத்து உருக்கியபோது என் மனைவி அடுப்படிக்கு வெளியே வந்து நின்றாள்.

"இஞ்ச பாருங்கோ, இந்த நாத்தம் சோத்துக்குள்ள ஏறிப்போடும். கொண்டுபோய் முத்தத்தில வைச்சுக் காய்ச்சுங்கோ."

முற்றத்தில் கல் அடுப்பு மூட்டினேன். அவளும் வந்து குந்தியிருந்து விசிறினாள். சுருட்டுப் பெட்டிப் பலகையை மெல்லிய கீலங்களாக வெட்டி, வளைத்து, ஒட்டிப் பழகினேன். முதலில் பிளேட் வழுக்கிக்கொண்டு போனது. மடங்காத இரண்டு விரல்களையும் பலகையின் மேல் அடிமட்டம் போல நீட்டி வைத்துக்கொண்டு, பிளேட்டை இடக்கையால் அவற்றின் ஓரமாக இழுத்தால் வெட்டு நேராக வரும் என்று சில நாட்களில் கண்டுகொண்டேன். மனைவி அந்தக் கீலங்களை வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தாள். "உங்கட சிநேகிதருக்குக் காட்டுங்கோவன்" என்றாள். பெட்டி திறக்கிற அன்று காட்டலாம் என்று சொல்லி வைத்துக்கொண்டேன்.

பசை காயும் வரை பலகைகளைப் பிடித்து வைத்திருக்கக் கவ்விகள் வேண்டும். பறங்கி அம்மா கொடியில் உடுப்புக்குக் குத்தும் வில் வைத்த மரக்கவ்விகள்தான் கண்ணில் பட்டன. அவற்றைத் தன் உயிர்போலப் பார்ப்பவர் அவர். டோபி எடுத்துக்கொண்டு போய்விடாமல் ஒவ்வொன்றின் நுனியிலும் நீலப் பெயின்ற் பொட்டு வைத்திருந்தார். நான் கேட்டதும் யோசித்தார். திருப்பித் தர வேண்டும், ஒன்றுகூடக் குறையக்கூடாது என்று இரண்டு தரம் சொல்லிவிட்டு ஒரு கை நிறையத் தந்தார்.

கிடைத்ததையெல்லாம் சனிக்கிழமைகளில் கந்தோர் முடிந்ததும் நண்பரிடம் கொடுத்துவிடுவேன். அவர் ஒவ்வொன்றையும் கையில் எடுத்துப் பார்ப்பார். "கெட்டிக்காரன் ஐசே நீர்" என்பார். எப்போது திறப்போம் என்று கேட்டால், இன்னும் அந்தச் சாமான் வரவில்லையே என்று அடுத்ததைச் சொல்வார். நானும் அடுத்ததைத் தேடிப் போவேன். மழைக்காலம் வந்தது, போனது.

கடைசியாக மிஞ்சியது நூல் நுழையும் அளவுக்குத் துளை போடும் சின்னத் துறப்பணம். கொம்பனித்தெருவில் மணிக்கூடு திருத்தும் ஒரு மலாய்க்காரர் தன்னிடமிருந்த பழையதொன்றை, பல நாள் கெஞ்சிய பிறகு, ஒரு ஞாயிறு காலை தந்தார். திங்கள் வரை வைத்திருக்க எனக்குப் பொறுக்கவில்லை. இனி ஒன்றும் மிச்சமில்லை. இன்றைக்கே பெட்டியைத் திறந்துவிடலாம். அங்கிருந்து நேரே ட்ராம் பிடித்துக் கொட்டாஞ்சேனைக்குப் போனேன்.

கத்தோலிக்கக் கோயிலில் ஞாயிறு பூசை முடிந்து தெருவெல்லாம் வெள்ளை உடுப்பாக இருந்தது. நண்பரின் மனைவி கதவைத் திறந்தார். கல்யாணத்துக்குப் பிறகு ஓரிரு தரமே என்னைக் கண்டவர்.

"வாங்கோ அண்ணை. அவையள் ரெண்டு பேரும் பாண் வாங்கப் போனவை, இப்ப வந்திடுவினம்."

"எவையள்?"

"இவரும் அந்தத் தம்பியும். காலமை தொடங்கிக் கப்பலோடதான். நீங்கள் இன்னும் பாக்கேல்லையோ? வாங்கோ காட்டுறன்."

பின்னறையில் ஜன்னலோரம் நீள மேசை. அதன் மேல் கப்பல் இருந்தது. உடல் முக்கால்வாசி முடிந்திருந்தது. பலகைகள் முன்பக்கம் அழகாக வளைந்து போய்ச் சேர்ந்திருந்தன. மேல் வரிசைப் பலகையை நீலப் பொட்டு வைத்த கவ்விகள் வரிசையாகக் கவ்விக்கொண்டிருந்தன. என் மூங்கில் கத்தி, சாமணம், அரத்தாள் எல்லாம் பக்கத்தில் கிடந்தன. அரத்தாள் பாதிக்கு மேல் தேய்ந்து போயிருந்தது.

"எப்ப தொடங்கினவை?" என்று கேட்டேன்.

"கன நாளாச்சே. மழைக்கு முதலே தொடங்கீற்றினம். சாமான் கொண்டு வந்து தாறது நீங்கள்தானே? இவர் அடிக்கடி சொல்லுவார், பெரிய உதவி எண்டு."

சொன்னவர் மனதில் கள்ளம் இல்லை. தேத்தண்ணி போட அவர் உள்ளே போனார். நான் கப்பலுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தேன். அதைத் தொட வேண்டும் போலிருந்தது, தொடவில்லை.

நண்பர் வாசலில் என் செருப்பைக் கண்டிருக்க வேண்டும். அறைக்குள் வரும்போதே முகம் மாறியிருந்தது. கூட வந்தவன் துறைமுகத்தில் வரைபடம் கீறும் பகுதியில் வேலை செய்யும் இளைஞன்.

"இவர்தான்... அந்தச் சாமான்கள் எடுத்துத் தாறவர்" என்று நண்பர் அவனிடம் சொன்னார்.

இளைஞன் மரியாதையாகக் கை நீட்டினான். என் கை வந்ததும் அவன் கண் விரல்களுக்குப் போய்த் திரும்பியது. எனக்கு அது பழக்கம். அவனில் எனக்குக் கோபமும் இல்லை.

துறப்பணத்தை மேசையில் வைத்துவிட்டு வெளியே வந்தேன். நண்பர் ஒழுங்கை முனை வரை பின்னால் வந்தார்.

"நில்லும் ஐசே. சொல்லத்தான் இருந்தனான்."

"எப்ப? பாய் கட்டின பிறகோ?"

"கோவிக்காதையும். பலகையெல்லாம் நூல் மாதிரி. ஒண்டு முறிஞ்சாலும் வேற எடுக்க ஏலாது. உம்மட..." அவர் நிறுத்தினார். அப்போது என் கையைப் பார்த்தார். அத்தனை வருடத்தில் அவர் நேராக அதைப் பார்த்ததை நான் அன்றுதான் கண்டேன். "உம்மட கையால அது சரிவராது எண்டு எனக்குத் தெரியும். உமக்கு மனம் நோகக்கூடாதெண்டுதான் சொல்லேல்லை."

"அப்ப என்னத்துக்கு ரெண்டு பேருமாச் செய்வம் எண்டனீர்?"

"அப்ப சொல்லிப் போட்டன். பிறகு யோசிச்சுப் பாத்தன்."

"சாமான் எடுக்க மட்டும் இந்தக் கை சரி."

கவ்விகள் வேறொருவருடையவை, பசை காய்ந்ததும் கந்தோருக்குக் கொண்டுவாரும் என்று சொல்லிவிட்டு நடந்தேன். ட்ராமுக்கு நிற்காமல் கோட்டை வரை நடந்தே போனேன். வழியெல்லாம் என்னை உறுத்தியது கப்பல் அல்ல. முதல் நாள் மைக்கூட்டை நகர்த்தியபோதும் அவர் பார்த்துத்தான் இருக்கிறார். மற்றவர்களைப் போலவே பார்த்திருக்கிறார். அதை மறைக்க மட்டும் அவருக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது. அவரோடு இருந்த நேரங்களில் நான் கையை மறந்திருந்தேனே, அந்த மறதியை இனி எங்கே போய் வாங்குவேன்?

செவ்வாய்க்கிழமை கவ்விகள் கடதாசிப் பொட்டலத்தில் என் மேசைக்கு வந்தன. பசை அப்பியிருந்தது. வீட்டுக்குக் கொண்டுபோனதும், ஞாயிறே நடந்ததை என்னிடம் கேட்டறிந்திருந்த மனைவி வெந்நீர் வைத்துத் தந்தாள். ஊறவைத்துச் சுரண்டினேன். அவள் அருகில் இருந்து ஒவ்வொன்றாகத் துடைத்தாள். கடைசியில்தான் பேசினாள்.

"உங்களுக்கு வெட்டத் தெரியும் எண்டு சொல்லேல்லையோ?"

"இல்லை."

"ஏன்?"

"சொன்னா நம்பியிருப்பார். நம்பின பிறகு கூப்பிட்டா அது எனக்கு வேண்டாம்."

கப்பல் முடிந்ததும் கண்ணாடிப் பெட்டிக்குள் துரையின் அறை வாசலில் வைத்தார்கள். இளைஞனின் பெயரும் நண்பரின் பெயரும் ஒரு அட்டையில் இருந்தன. கந்தோர் முழுக்கக் கூடி நின்று பார்த்தது, நானும் நின்றேன். நல்ல வேலைதான். என் பெயரையும் போடட்டுமா என்று நண்பர் தணிந்த குரலில் கேட்டார். "என்னெண்டு போடுவீர்?" என்றேன். அதன் பிறகு எங்களுக்குள் கந்தோர்க் கதை மட்டும்தான்.

ஜப்பான் விமானங்களோடு யுத்தம் துறைமுகம் வரை வந்தபோது கொட்டாஞ்சேனை பாதி காலியானது. நண்பர் குடும்பத்தோடு யாழ்ப்பாணம் போனார். கந்தோரையும் வேறிடத்துக்கு மாற்றினார்கள். அந்தக் குழப்பத்தில் கண்ணாடிப் பெட்டி என்ன ஆனதென்று தெரியாது. நான் விசாரிக்கவில்லை.

யுத்தம் முடிந்த பிறகு ஒரு நாள் மாலை வெள்ளவத்தை ஸ்டேஷன் மேடையில் அவரைக் கண்டேன். தலை நரைத்திருந்தது. அவர்தான் முதலில் கிட்ட வந்தார். பிள்ளைகள், அரிசிக் கூப்பன், வீட்டு வாடகை என்று எல்லாம் கதைத்தோம். அவர் நன்றாகவே கதைத்தார்; நானும் முகம் கொடுத்துத்தான் கதைத்தேன். ரயில் வந்தது. "வாரும், ஒண்டாப் போவம்" என்று கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அடுத்த பெட்டியில் ஒருவர் எனக்காக இருக்கிறார் என்று சொன்னேன். அங்கே எனக்குத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. ஜன்னலோர ஆசனம் காலியாக இருந்தது, போய் உட்கார்ந்தேன்.