எடை மேடையில் கேட்ட சத்தம்

என்னைப் பார்த்தால் யாரும் நோயாளி என்று சொல்லமாட்டார்கள். கொஞ்சம் பூசினாற்போல் இருப்பேன், அவ்வளவுதான். ஆனால் இருபத்தாறு வயதிலேயே மாத்திரைக்கு அடங்காத சர்க்கரை. வீட்டில் யாருக்கும் தெரியாது. எடை குறைப்பு அறுவை சிகிச்சையால் சர்க்கரையும் குறையலாம் என்று படித்துவிட்டு நண்பனிடம் சொன்னேன்.

"இந்த ஒடம்புக்கு ஆப்ரேஷனா? நாலு நாளு நடடா" என்று சிரித்தான். பிறகு யாரிடமும் வாய் திறக்கவில்லை.

இன்டர்வியூ என்று பொய் சொல்லிவிட்டு, விருத்தாசலத்தில் பஸ் ஏறிப் புதுச்சேரி ஆஸ்பத்திரிக்குத் தனியாகப் போனேன். எடை போதாது என்று திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்று பயம். அதனால் நான் வேலை பார்க்கும் செராமிக் கம்பெனியில் செய்யும், கரண்ட் பெட்டியில் மாட்டும் பீங்கான் ஃப்யூஸ் கேரியர்கள் எட்டை பேன்ட் பைகளில் திணித்திருந்தேன். எடை மேடையில் ஏறியதும் எல்லாம் கலகலத்தன.

"என்ன தம்பி, கடையையே கொண்டாந்துட்டீங்களா?" என்றார் நர்ஸம்மா. கூனிக்குறுகி ஒவ்வொன்றாக எடுத்து மேஜையில் வைத்தேன்.

டாக்டர் சிரிக்கவில்லை. "சுகர் அடங்கலன்னா உங்க நெஜ எடைக்கே ஆப்ரேஷன் பத்தி யோசிக்கலாம். டெஸ்ட்டெல்லாம் பாத்துட்டு சொல்றேன். கூட யாரு வந்திருக்காங்க?"

"யாருமில்லைங்க."

"அடுத்த தடவ வூட்லேர்ந்து ஒருத்தர அழைச்சிட்டு வாங்க. தனியா பண்ற காரியமில்ல இது."

வெளியே வந்து அக்காவுக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன்.

"எனக்கும் இருக்குதுடா. ரெண்டு வருஷமா" என்றாள்.

ஒரே வீட்டில், ஆளுக்கொரு அறையில் கதவைச் சாத்திக்கொண்டு, நாங்கள் இருவரும் மாத்திரை விழுங்கிக்கொண்டிருந்திருக்கிறோம்.